சைக்கிள் சங்கிலியைக் கழுவ எதை வாங்கலாம், எதை வீட்டுக்குள் விடக்கூடாது

என் தம்பி மகன் போன மாதம் ஒரு பழைய சைக்கிளை 450 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) வாங்கி, பினாங்கின் ஃபார்லிமில் இருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். பின்சக்கரத்தின் பற்களுக்கு நடுவே கரும்பிசின் அப்பிக் கிடந்தது. சங்கிலியைத் தொட்டால் விரல்ரேகை மறைந்துவிடும். அவனுடைய இன்னொரு கையில் ஒரு குடிநீர் பாட்டில். அதில் இருந்தது அவனுடைய மோட்டார் சைக்கிளிலிருந்து எடுத்த பெட்ரோல். “அத்தை, உங்கள் குளியலறையில் வைத்துக் கழுவிக்கொள்கிறேன். அரை மணி நேரம் போதும்” என்றான்.

அன்று வெள்ளிக்கிழமை. சாமி மேடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவனை வாசலைத் தாண்ட விடவில்லை.

பெட்ரோல் பிசுக்கைக் கரைக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சுழியத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுகிற திரவம் அது. நம் ஊர் வெயிலில் எவ்வளவு விடும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே எழுந்து கலைந்து போகாது. கதவிடுக்கு வழியாகத் தரையோடு ஊர்ந்து போகும். குளியலறையில் திறந்த பாட்டிலின் ஆவி கூடத்து விளக்கைத் தேடி வந்துவிடும். பெட்ரோலில் பென்சீனும் இருக்கிறது. அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்படுத்தப்பட்ட பொருள்; மூச்சு வழியாகவும் போகும், தோல் வழியாகவும் போகும். அதனால் வீட்டுக்குள் மட்டுமல்ல, வெட்டவெளியிலும் பெட்ரோலால் சைக்கிள் கழுவ வேண்டாம் என்பதுதான் என் முடிவு. குடிநீர் பாட்டிலில் அதை வைப்பது தனிப் பாவம். ஒரு குழந்தை எடுத்துக் குடித்துவிட எத்தனை நொடி ஆகும்?

எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1988-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். எனக்கு அப்போது 19 வயது. சர்க்கியூட் பலகைகளில் ஈயப் பற்று வைத்தபின் ஒட்டியிருக்கும் கசடைக் கழுவும் பிரிவில் போட்டார்கள். கழுவியது சிஎஃப்சி-113 என்ற திரவத்தில். நிறம் இல்லை, தீப்பிடிக்காது, தொட்டியிலிருந்து எடுத்த மறுகணம் பலகை காய்ந்துவிடும். இதைப் போல நல்ல பொருள் உலகத்தில் இல்லை என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். அதுதான் வானத்தில் ஓசோன் படலத்தை அரித்துக்கொண்டிருந்த பொருள்களில் ஒன்று. அதைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் ஒப்பந்தம் 1987-இல் உருவானது, மலேசியா 1989-இல் அதில் சேர்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தொட்டிகள் போய்விட்டன. நான் மட்டும் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வந்தேன். வேலை முடிந்தபிறகு இந்தத் திரவம் எங்கே போகும்? உலோகத்துக்குள்ளா, என் மூச்சுக்குள்ளா, ஆற்றுக்குள்ளா? சைக்கிளுக்கு டிகிரீசர், அதாவது பிசுக்கு நீக்கும் திரவம், வாங்கும்போதும் நான் கேட்பது இதைத்தான். விலையை அதற்குப் பிறகுதான் பார்க்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பழைய பனியனை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கிலியில் இருப்பது வெறும் எண்ணெய் அல்ல. எண்ணெய், சாலைப் புழுதி, தேய்ந்து உதிர்ந்த இரும்புத் தூள் மூன்றும் சேர்ந்த குழம்பு. அரத்தூள் கலந்த பசை போல அது சங்கிலியை அரைத்துக்கொண்டே இருக்கும். அதில் பெரும்பகுதி வெளிப்பக்கம்தான் ஒட்டியிருக்கிறது. பெடலைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே சங்கிலியைத் துணியால் பிடித்துத் துடையுங்கள். துணி கறுத்தால் மடித்து மறுபக்கம். பின் கியர் மாற்றியில் இருக்கும் இரண்டு சிறு கப்பிகளிலும் பிசின் வளையமாக ஏறியிருக்கும். சாத்தே இறைச்சி குத்தும் குச்சியை ஓரத்தில் வைத்துக் கப்பியைச் சுற்றினால் சுருள் சுருளாக உதிரும். கேசட்டின், அதாவது பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கின், பற்களுக்கு நடுவே துணியை நாடாவாகக் கிழித்து நுழைத்து, காலணிக்குப் பாலிஷ் போடுவது போல இழுங்கள். இருபது நிமிட வேலை. ஒரு காசு செலவில்லை. இவ்வளவு அழுக்கும் துணியோடு குப்பைத் தொட்டிக்குப் போகிறது, தண்ணீரோடு கால்வாய்க்குப் போகவில்லை. இதற்குப் பிறகு வாங்கும் எந்த டிகிரீசரும் பாதி அளவே செலவாகும். வாங்குவதைப் பற்றி இத்தனை பேர் பேசுகிறார்கள், துடைப்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பது எனக்கு எப்போதும் வருத்தம்.

துடைத்து முடித்ததும் ஓர் எஃகு அளவுகோலைச் சங்கிலிமேல் வையுங்கள். கண்ணிகளை இணைக்கும் ஊசிகளில் ஒன்றின் நடுவிலிருந்து தொடங்கினால், அதற்கு அடுத்து வரும் 24-ஆவது ஊசியின் நடு சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். அதைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போய்விட்டால் சங்கிலி தேய்ந்துவிட்டது என்று பொருள். 11, 12 கியர் வைத்த சைக்கிள்களில் அப்போதே மாற்றிவிட வேண்டும். செத்த சங்கிலியைக் குளிப்பாட்டக் காசு செலவழிக்க வேண்டாம். தம்பி மகனுடையது 8 கியர் சைக்கிள். அளவுகோலில் அவன் சங்கிலி கோட்டைத் தொடவில்லை. நல்ல காலம்.

வாராவாரம் ஓட்டுகிறவருக்கு, சங்கிலி ஓரளவு சுத்தமாகவே இருக்கிறவருக்கு, பாத்திரம் கழுவும் திரவமே போதும். நான் பத்து ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். கறிச்சட்டியின் எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைப்பதற்கென்றே செய்த பொருள் அது. பெரும்பாலும் நடுநிலையானது, வெறும் கையைப் பொசுக்காது, தீப்பிடிக்காது. சங்கிலி செய்கிற ஷிமானோ நிறுவனத்தின் கையேடே நடுநிலையான சோப்பு நீரைத்தான் பரிந்துரைக்கிறது. காரமோ அமிலமோ கலந்த கரைப்பான்களால், குறிப்பாகத் துரு நீக்கிகளால் கழுவினால் சங்கிலி அறுந்து பலத்த காயம் ஏற்படலாம் என்றும் எச்சரிக்கிறது. இது வெறும் சம்பிரதாய வாசகம் இல்லை. அமிலம் எஃகோடு சேரும்போது வெளிவரும் ஹைட்ரஜன், கடினப்படுத்திய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுபோய்விடும். வெளியே பார்த்தால் சங்கிலி பளபளப்பாகவே இருக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போதுதான் அறுபடும். பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாகப் பாலிக் புலாவுக்கு ஏறியவர்களுக்கு அந்த இடத்தில் சங்கிலி அறுந்தால் என்ன நேரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாத்திரத் திரவத்தை இரண்டு விதமாகப் பயன்படுத்துங்கள். சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் ஒரு லிட்டர் நீரில் ஒரு மேசைக்கரண்டி. சங்கிலிக்கும் கேசட்டுக்கும் தண்ணீர் கலக்காமல் நேராகப் பிரஷ்ஷில் ஊற்றித் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சமாகத் தெளித்து மறுபடி தேய்க்க வேண்டும். இரண்டு வெள்ளிக் கடையில் கிடைக்கும் கெட்டியான பிரஷ் போதும். பாத்திரத் திரவத்தில் உப்பு இருக்கிறது, சங்கிலி துருப்பிடிக்கும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். பல திரவங்களில் கெட்டித்தன்மைக்காக உப்புச் சேர்ப்பது உண்மைதான். நன்றாக அலசினால் அது போய்விடும். குவீன்ஸ்பேயிலிருந்து நகரம் நோக்கிப் போகும் கடற்கரைப் பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டினால் அதைவிட அதிக உப்பு ஒட்டும். துரு வருவது உப்பை விட்டுவைப்பதாலும், அலசியபின் எண்ணெய் விடாமல் இரவு முழுக்கப் போட்டுவைப்பதாலும்தான்.

விலையைப் பாட்டிலுக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், ஒரு கழுவலுக்கு எவ்வளவு என்று பாருங்கள். நான் வாங்கும் 900 மில்லி பாத்திரத் திரவம் 6 வெள்ளி. ஒரு தடவைக்கு 30 மில்லி போகிறது, அதாவது 20 காசு. சைக்கிள் கடையில் 60 வெள்ளிக்கு ஒரு லிட்டர் டிகிரீசர் வாங்கி, 50 மில்லி செலவழித்தால் 3 வெள்ளி. அதே கடையில் பத்து மடங்கு நீர் கலக்கச் சொல்லும் அடர்கரைசல் கிடைத்தால் கணக்கு தலைகீழாக மாறிவிடும். விலை அதிகமாகத் தெரிகிற பாட்டிலே மலிவாகிவிடும். தெளிக்கும் டப்பாக்கள் இந்தக் கணக்கில் எப்போதும் தோற்கும். பாதி காற்றில் போகிறது.

இனி தம்பி மகனின் சங்கிலியைப் போன்ற, ஆண்டுக்கணக்காகப் பார்க்காமல் விட்ட சங்கிலிக்கு வருவோம். அங்கே சோப்பு நீர் தோற்றுவிடும். பிசின் ஊசிக்கும் உருளைக்கும் நடுவே இறுகியிருக்கும்; தண்ணீர் அதற்குள் நுழைவதில்லை. எண்ணெயை எண்ணெய் இனம்தான் கரைக்கும். அதற்கு ஹார்ட்வேர் கடையில் விற்கும் ஒயிட் ஸ்பிரிட் என்ற பெட்ரோலியக் கரைப்பான், அல்லது மண்ணெண்ணெய். ஒயிட் ஸ்பிரிட் எனக்கு இன்னும் பிடிக்கும். வாடை குறைவு, படலம் விடாமல் காயும். போன தடவை லிட்டருக்கு 14 வெள்ளி கொடுத்தேன். மண்ணெண்ணெய் மெல்லிய எண்ணெய்ப் படலம் விட்டுப்போகும், அதனால் பிறகு கட்டாயம் சோப்புப் போட வேண்டும். இரண்டும் ஏறத்தாழ 38 டிகிரிக்கு மேல்தான் தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் இது பெரிய பாதுகாப்பு. ஆனாலும் வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரை 38-ஐச் சுலபமாகத் தாண்டும். அதனால் நிழலில், திறந்த இடத்தில், அடுப்பும் விளக்கும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். தின்னர் வேண்டாம். அதில் பெரும்பாலும் டொலுயீன், அசிட்டோன் போன்றவை இருக்கும். சைக்கிளின் பெயிண்டையும் உரிக்கும், தலையையும் சுற்ற வைக்கும். டீசல் கரைக்கும், ஆனால் அந்த வாடை கையிலிருந்து இரண்டு நாள் போகாது.

கையுறை நைட்ரைல் கையுறையாக இருக்கட்டும். சாதாரண லேட்டக்ஸ் ரப்பர் இந்தத் திரவங்களில் ஊறி உப்பி இளகிவிடும். தொழிற்சாலையில் நாங்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டது அது.

இப்போது நான் பட்ட ஒரு நட்டம். தம்பி மகனுக்குப் பாட்டில் பெட்ரோலில் இருந்த நம்பிக்கை, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சமையலறை டிகிரீசரில் இருந்தது. பேக்கிங் அடுப்பின் கருகிய கொழுப்பை எடுக்கும் திரவம். அடுப்பையே வெள்ளையாக்குகிறதே என்று, பெடலைத் தாங்கும் கறுப்பு நிற கிராங்கையும் முன் பற்சக்கரத்தையும் கழற்றி இரவு முழுக்க அதில் ஊறப்போட்டேன். காலையில் வாளியின் மேல் சிறு குமிழ்கள். எடுத்துப் பார்த்தால் கறுப்புப் பூச்சு போய், சாம்பல் பூத்த மாதிரி மங்கல் வெள்ளைத் திட்டுகள். கிராங்க் அலுமினியம், திரவத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு. புதிய கிராங்குக்கு 180 வெள்ளி ஆனது. அந்தப் பணத்தை விட, ஆண்டுக்கணக்கில் இரசாயனத்தோடு வேலை பார்த்த நான் லேபிளைத் திருப்பிப் பார்க்கவில்லையே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அலுமினியம் அமிலத்தையும் தாங்காது, வலுவான காரத்தையும் தாங்காது. மேலே இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதற்குச் சட்டை. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறத்தாழ 4-க்கும் 9-க்கும் நடுவே இருக்கும்வரை அந்தச் சட்டை நிற்கும். கார் உபகரணக் கடைகளில் ஐந்து லிட்டர் கேனில் மலிவாக விற்கும் ஊதா நிற டிகிரீசர்களில் பல 12, 13 வரை போகின்றன. இயந்திரத் தரையைக் கழுவ அவை நல்லவை. அலுமினியச் சட்டமும் அலுமினிய கிராங்கும் வைத்த சைக்கிளுக்கு அல்ல. அந்தக் கேனைத் திறந்து கையில் பட்டால் சோப்பு போல வழுக்கும். வழுக்குவது உங்கள் தோலின் கொழுப்பே சோப்பாக மாறுவதால். பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் அலசுங்கள்.

வாங்கியது எப்படிப்பட்டது என்று தெரியாவிட்டால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். சமையலறை அலுமினியத் தாளில் விரலளவு துண்டை, கடைக்காரர் சொன்ன அளவில் கலந்த திரவத்தில் போட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். குமிழ் கிளம்பினாலும், தாள் கறுத்தாலும், மங்கினாலும் அது உங்கள் சைக்கிளுக்கு ஆகாது. ஒன்றும் ஆகவில்லை என்றால் உடனே முழுதாக நம்பிவிடவும் வேண்டாம்; சில கலவைகள் மெதுவாக வேலை செய்யும். லேபிளையும் சேர்த்துப் பாருங்கள்.

நம் நாட்டில் லேபிள் பெரும்பாலும் மலாயில் இருக்கும். சிவப்புச் சாய்சதுரத்துக்குள் இருக்கும் படங்களை முதலில் பாருங்கள். தீச்சுடர் இருந்தால் தீப்பற்றும். கையின்மேலும் உலோகத்தின்மேலும் திரவம் சொட்டுகிற படம் இருந்தால் அரிக்கும். அந்த ஒரு படத்தைப் பார்த்தாலே நான் சைக்கிளுக்கு வாங்க மாட்டேன். மார்பில் நட்சத்திரம் வெடித்த மனித உருவம் இருந்தால் நீண்டகாலக் கேடு. ‘பஹாயா’ என்ற சொல் ‘அமாரான்’ என்பதைவிடக் கடுமையானது. ‘மெங்காக்கிஸ்’ என்றால் அரிக்கும், ‘மூடா தெர்பாக்கார்’ என்றால் எளிதில் தீப்பற்றும். உள்ளடக்கத்தில் ‘நாத்ரியும் ஹிட்ரோக்சிடா’ என்று வந்தால் அதுதான் என் கிராங்கைத் தின்ற பொருள்.

இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் பொருளின் பாதுகாப்புத் தகவல் தாளைத் தேடிப் படியுங்கள். வேலையிடங்களுக்கான இரசாயனங்களுக்கு 2013-ஆம் ஆண்டின் விதிமுறைகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்கின்றன. பதினாறு பகுதிகள் இருக்கும், பயந்துவிட வேண்டாம். இரண்டாம் பகுதியில் ஆபத்து, மூன்றாம் பகுதியில் கலவை, எட்டாம் பகுதியில் எந்தக் கையுறை, ஒன்பதாம் பகுதியில் பிஎச் அளவும் தீப்பற்றும் வெப்பநிலையும். இந்த நான்கையும் படிக்க ஐந்து நிமிடம்தான் ஆகும். அந்தத் தாளையே காட்ட மறுக்கும் பொருளை நான் வாங்குவதில்லை.

ஆரஞ்சு மணக்கும் டிகிரீசர்களைப் பற்றி அதிகம் கேட்கிறார்கள். ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் லிமோனீன் என்ற எண்ணெய்தான் அதில் வேலை செய்கிறது. நன்றாகக் கரைக்கும், வாடை இதமானது. ஆனால் இயற்கையிலிருந்து வந்தது என்பதால் சாது என்று எண்ண வேண்டாம். தனி லிமோனீன் 48 டிகிரி அளவில் தீப்பற்றும் ஆவி விடும். காற்றுப்பட்டுப் பழசானால் சிலருக்குத் தோலில் ஒவ்வாமை வரும். தெர்மோகோல் போன்ற பாலிஸ்டைரீனைக் கரைத்தும் விடும். இங்கே ஒரு முக்கியமான விஷயம். உங்கள் தலைக்கவசத்தின் உட்பகுதி அதே பாலிஸ்டைரீன் நுரைதான். ஹேண்டில்பாரில் கவசத்தை மாட்டிவிட்டு ஆரஞ்சு டிகிரீசரையோ பெட்ரோலிய ஸ்பிரேயையோ அடிக்காதீர்கள். நுரை உள்ளே இளகிப்போயிருப்பது வெளியே தெரியாது, விழுந்த அன்றுதான் தெரியும். கழுவத் தொடங்கும் முன் கவசத்தை வேறு அறையில் வைத்துவிடுவது என் பழக்கம்.

டபிள்யூடி-40 பற்றி இரண்டு வரி. 1953-இல் தண்ணீரை விரட்டுவதற்காக உருவாக்கிய கலவை அது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால் அந்தப் பெயர். பிசுக்கைக் கரைக்கும், ஆகவே கழுவுவதற்கு உதவும். அதையே சங்கிலி எண்ணெயாக நம்பி ஓட்டுவதுதான் தவறு.

அப்படியானால் சைக்கிளுக்கென்றே விற்கும் விலையுயர்ந்த டிகிரீசர் யாருக்கு? பதினைந்தாவது மாடியில் இருக்கிறவர், கீழே இறக்கிக் கழுவ இடமில்லாதவர், திறந்த நெருப்பு உள்ள வீட்டில் வாழ்கிறவர். அவர்களுக்கு, தீப்பற்றாத, நீர் அடிப்படையிலான, அலுமினியத்துக்குக் கேடில்லை என்று எழுத்தில் சொல்கிற ஒரு பாட்டிலும், சங்கிலியைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும் பிளாஸ்டிக் சங்கிலிப் பெட்டியும் கொடுக்கும் நிம்மதி அந்த விலைக்குத் தகும். அழுக்கு நீர் பெட்டிக்குள்ளேயே தங்குகிறது, தரையில் வழிவதில்லை. விலைக்காக அவர்களைக் குறைசொல்ல மாட்டேன்.

எந்தத் திரவமானாலும் ஹப் எனும் சக்கர மையம், பெடல் அச்சு, கைப்பிடிக் கழுத்து ஆகியவற்றின் பேரிங்குகளை நோக்கித் தெளிக்காதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் அங்கேயே இருக்க வேண்டியது. உயர்ந்த அழுத்தத் தண்ணீர்க் குழாயும் அதற்காகத்தான் வேண்டாம் என்கிறேன். டிஸ்க் பிரேக் இருந்தால் தட்டின்மேல் எதுவும் படாமல் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றுங்கள். பட்டுவிட்டால் மருந்துக்கடையில் விற்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தமான துணியில் துடைக்கலாம். பிரேக் பேட் எண்ணெய் குடித்துவிட்டால் மாற்றுவதுதான் வழி. பிளீச்சை எந்த டிகிரீசரோடும் கலக்காதீர்கள்.

மறுநாள் சனிக்கிழமை காலை, அவனையும் சைக்கிளையும் கீழே கார் நிறுத்துமிடத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போனேன். பெட்ரோலை அவன் வந்த இரவே திரும்ப டாங்கில் ஊற்ற வைத்துவிட்டேன். பழைய செய்தித்தாளை விரித்தோம். சங்கிலியைத் திறந்து பூட்டும் கண்ணியான விரைவு இணைப்பைக் கழற்றிச் சங்கிலியை எடுத்தோம். 11, 12 கியர் சங்கிலிகள் பலவற்றில் இந்த இணைப்பை ஒரே தடவைதான் பூட்டலாம், அதனால் புதிய இணைப்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு கழற்றுங்கள். வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் சங்கிலியைப் போட்டு, மூழ்கும் அளவுக்கு ஒயிட் ஸ்பிரிட் ஊற்றி மூடி, இரண்டு நிமிடம் குலுக்கினான். கோப்பி போலக் கறுத்தது. வேறு ஜாடிக்கு மாற்றி மறுபடி. மூன்றாம் தடவை தேநீர் நிறம். ஒவ்வொரு தடவையும் 150 மில்லிதான் செலவு. கேசட்டைக் கழற்றவில்லை, பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, சொட்டாத அளவுக்கு உதறி, பற்களின் நடுவே தேய்த்தோம்.

பிறகு பாத்திரத் திரவம், வெதுவெதுப்பான நீர், நன்றாக அலசல். துணியால் ஒத்தி எடுத்து அரை மணி நேரம் வெயிலில் தொங்கவிட்டோம். அதற்குமேல் காத்திருக்கக் கூடாது. எண்ணெய் முழுவதும் போன எஃகு இந்தக் கடற்காற்றில் ஒரே இரவில் செம்பூப் பூத்துவிடும். சங்கிலியை மாட்டி, ஒவ்வோர் உருளைக்கும் ஒரு துளி என்று நூற்றுப்பத்துக்கு மேற்பட்ட துளிகள் விட்டான். பொறுமையில்லாமல் நெளிந்தான், நான் விடவில்லை. பத்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்து எண்ணெயைத் துடைத்தான். எண்ணெய் வேலை செய்வது உள்ளே. வெளியே இருப்பது புழுதியைக் கூப்பிடும். தாள், கையுறை, பிரஷ் எல்லாம் சேர்த்து அன்றைய செலவு 20 வெள்ளியைத் தாண்டவில்லை.

கறுத்த ஸ்பிரிட்டைக் கால்வாயில் ஊற்றப் போனான். கையைப் பிடித்தேன். நம் அடுக்குமாடிகளின் திறந்த கால்வாய் நீர் எங்கேயும் சுத்திகரிக்கப்படுவதில்லை. அது ஆயர் ஈத்தாம் ஆற்றில் சேர்கிறது, அந்த ஆறு பினாங்கு ஆற்றில், பினாங்கு ஆறு கடலில். டிகிரீசர் பாட்டிலில் மண்ணில் மக்கும் என்று எழுதியிருக்கலாம். அது பாட்டிலில் இருக்கிற திரவத்தைப் பற்றிய வாக்குறுதி. சங்கிலியிலிருந்து அது கழற்றிக்கொண்டு வந்த எண்ணெயும் இரும்புத் தூளும் எளிதில் மக்காது. பயன்படுத்திய மசகு எண்ணெய் 2005-ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணோடு இருக்கிறது. வாகனப் பணிமனைகள் அதைத் தனித் தொட்டியில் சேர்க்கின்றன. தெரிந்த மோட்டார் சைக்கிள் பணிமனையில் கேட்டால் ஒரு சிறு பாட்டில் கசடை வாங்கிக்கொள்வார்கள். நான் அப்படித்தான் ஆண்டுக்கு ஒரு முறை கொடுக்கிறேன்.

கறுத்த திரவத்தை வீணாக்கவும் வேண்டாம். மூடிய ஜாடியில் அசையாமல் வைத்தால் கசடு அடியில் படிந்துவிடும், மேலே தெளிந்து நிற்பதை அடுத்த கழுவலின் முதல் சுற்றுக்குப் பயன்படுத்தலாம். ஒரு லிட்டர் எனக்கு எட்டு மாதம் வருகிறது. ஜாடியின்மேல் என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் வைத்தது என்று தமிழிலும் மலாயிலும் எழுதி, மண்டையோட்டுப் படமும் வரைந்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். யாராவது தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். திரும்பி வரும் திரவம் நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள், ஜாடியையும் எடுத்துப் போங்கள். தேசிய நச்சு மையம் நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது; அதன் தொலைபேசி எண்ணை எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறேன்.

தம்பி மகனின் ஜாடி இப்போது என் பால்கனியில், துளசிச் செடிக்கு எதிர்ப்பக்கத்து உயரமான தட்டில் நிற்கிறது. ஐந்தாம் நாள் பார்த்தபோது அடியில் ஒரு விரற்கடை கறுப்பு, மேலே வெளிர் தேன்நிறம். அவன் கையெழுத்தில் தேதி இருக்கிறது.